கா.நீ. மேடை

மன்னித்துக்கொள். இப்படி உட்கார்ந்து எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அடுத்தடுத்த மேசையில் இருந்துகொண்டு நான் உனக்கு வாட்ஸப்பில் செய்தி அனுப்பும்போதெல்லாம், தலையைத் திருப்பாமலே, "வாய எங்கட்டி வச்சிட்டு வந்த?" என்று கேட்பாய். சொல்ல வேண்டியது இவ்வளவு சேர்ந்துவிட்டது, கேட்க நீ இல்லை. வேறு வழி தெரியாமல்தான் எழுதுகிறேன்.

நேற்று சாயந்திரம் வேலை முடிந்து நம் பூங்காவுக்குப் போனேன். வாசலைத் தாண்டியதுமே ஊதுபத்தி வாசனை வந்தது. இப்போதெல்லாம் அந்த வாசனை வந்தாலே என் நடை தளர்ந்துவிடுகிறது. புங்க மரத்தடியில், கருங்கல்லில் பதித்த உன் படம். கல்லூரி அடையாள அட்டைக்காக எடுத்தது, நீ யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைத்திருந்த அதே படம். அதற்கு ஒரு மாலை, கீழே இரண்டு பத்தி. எதிரே மேடையில் மில் விட்டு வந்த பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் மேடையின் ஓரத்தில், பஸ்ஸில் இடம் போதாமல் உட்கார்வதுபோல் ஒடுங்கி, காலை மடக்கி, சேலைக் கரையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டு. புதிதாக ஒரு பெண் வந்தாள். செருப்பைக் கழற்றினாள், உன் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள், பிறகு அவளும் போய் ஓரத்தில் ஒடுங்கினாள்.

உன்னைக் கும்பிட்டுவிட்டுப் போய் ஒடுங்கினாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். பாதி உனக்கே தெரியும். ஆனால் அந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் மீதி எவ்வளவு அநியாயம் என்று விளங்கும்.

ராஜபாளையத்தில், தென்காசி சாலையில், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலம் அது. சீமைக்கருவேலம், இடிந்த சுவர், நடுவில் அந்த ஒரு புங்க மரம். ஊர்ப் பெரியவர்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து அதைப் பூங்காவாக்க முன்வந்தார்கள். வரைகிற வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடியில் இருக்கும் நம் சின்ன அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகத்தை நடத்தும் சார் அதை உன்னிடம் கொடுத்தார். நீ என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டாய். பூங்கா, பள்ளி வளாகம், கல்லூரி மைதானம், எங்கே மரம், எங்கே நடை, எங்கே உட்கார்வது என்று வரைவதுதான் நம் தொழில் என்று என் வீட்டில் எத்தனை முறை சொல்லியும் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. "செடி நடுததுக்கா அஞ்சு வருசம் படிச்ச?" என்பார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் தோட்டக்காரி ஆகிவிட்டாள் என்று அவருக்கு ஒரு வருத்தம்.

குழுவுக்கு வேண்டியது நமக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. வண்ண விளக்குப் போட்ட நீரூற்று வேண்டும். ஊர்ப் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் நிறுத்தி, முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள இடம் வேண்டும். குப்பைத்தொட்டி பென்குயின் மாதிரி இருக்க வேண்டும். நடுவில் புல்தரை, அதில் யாரும் நடக்கக் கூடாது. நீ சிரிக்காமல் கேட்டாய்: "நடக்கக் கூடாத புல்லு எதுக்குங்கய்யா? பாக்கத்தான்னா பச்சைப் பாய் வாங்கி விரிச்சிரலாமே, தண்ணிச் செலவு மிச்சம்." குழுவின் செயலாளர் அய்யா பெரிதாகச் சிரித்தார். அவர் நல்ல மனிதர் என்று அன்று நான் நினைத்தேன். இப்போதும் அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

வரைவதற்கு முன்னால் பார்க்க வேண்டும் என்பது உன் பிடிவாதம். சாயந்திரம் ஷிப்ட் விடும் நேரத்தில் போய் நின்றோம். நூற்பாலைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து, சேத்தூர் பஸ்ஸுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கும் வத்திராயிருப்பு பஸ்ஸுக்கும் காத்து நின்றார்கள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நிறுத்தத்தில் இருந்த ஒரே சிமெண்டுப் பலகையில் ஒரு ஆள் வேட்டியை முகத்தில் போட்டுக்கொண்டு நீட்டிப் படுத்திருந்தான். பெண்கள் சுவரில் ஒரு காலை ஊன்றி, பிறகு மறு காலை ஊன்றி, கால் மாற்றிக்கொண்டே நின்றார்கள். சிலர் நடைபாதை விளிம்பில் குந்தியிருந்தார்கள். நான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தேன். நீ வெகுநேரம் ஒன்றும் எழுதாமல் பார்த்துவிட்டு, "ஏட்டி, இத்தனை பேர்ல ஒருத்தியாச்சும் காலை நீட்டியிருக்காளா பாரு" என்றாய்.

பார்த்தேன். ஒருத்திகூட இல்லை.

நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த விஷயம் அது. பார்த்தும் எனக்குத் தோன்றியதே இல்லை. என் அம்மாவும் மில்லில்தான். ஷிப்ட் முழுக்க மெஷின் ஓரமாக நடை, அறுந்த நூலை ஒட்டுவது, மறுபடி நடை. வீட்டுக்கு வந்தால் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்து நீலமாக நிற்கும். ஆனாலும் அப்பா வெளியே போன பிறகுதான் காலை நீட்டுவாள். வாசலில் யார் நிழல் தட்டினாலும் மடக்கிவிடுவாள். பெண் பிள்ளை காலை நீட்டி உட்காரக் கூடாது, பெரியவர் முன்னால் நீட்டக் கூடாது, சாமி படம் இருக்கும் திசையில் நீட்டக் கூடாது. சொல்லிச் சொல்லி என் முழங்காலே தானாக மடங்கக் கற்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அளவு டேப்போடு சேத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். அம்மாவைச் சுவரில் சாய்ந்து, காலை நன்றாக நீட்டச் சொன்னாய். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "என் காலை எதுக்குட்டி அளக்கீக? கொலுசு வாங்கிப் போடப் போறீகளா?" என்று சேலையை இழுத்து இழுத்து விட்டாள். நீ தரையில் முட்டி போட்டு, முதுகிலிருந்து குதிகால் வரை டேப்பை ஓட்டினாய். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளே வந்தார். அம்மா கால் மடங்கிய வேகத்தில் டேப் உன் கையிலிருந்து பறந்துபோய் அப்பா காலடியில் விழுந்தது. நீ எழுந்து வணக்கம் சொல்லி, டேப்பை எடுத்துக்கொண்டு, "செத்த நேரம் வெளிய இருங்கப்பா, இன்னும் அளவு முடியல" என்றாய். எங்கள் வீட்டில் அப்பாவை யாரும் வெளியே இருக்கச் சொன்னதில்லை. அவரும் போய் வாசலில் நின்றார். என்ன அளக்கிறார்கள் என்று பிறகு அம்மாவிடம் கேட்டாராம். அம்மா, பெஞ்சு என்று சொல்லிவிட்டாளாம்.

நீ வரைந்தது பெஞ்சு இல்லை. சாலைப் பக்கம் முதுகு சாயும்படி ஒரு சுவர், அதை ஒட்டி ஒரு மனுசி முழுதாகக் காலை நீட்டும் அகலத்தில் நீளமான மேடை. கால் நீளும் பக்கம் புங்க மரம். மேடைக்கு முன்னால் நடைபாதை வரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாய். எதிரே ஆள் நடந்தால் ஒவ்வொரு தடவையும் அவர்கள் மடக்க வேண்டியிருக்கும், ஒரு தடவை மடக்கியவள் திரும்ப நீட்ட மாட்டாள் என்றாய். அதனால் நடையை மரத்துக்கு அப்பால் கொண்டுபோய், நடுவில் இட்லிப்பூச் செடி வரிசை. உட்கார்ந்திருப்பவர் தலை சாலையிலிருந்தும் நடையிலிருந்தும் தெரிய வேண்டும், அப்போதுதான் பயமில்லை, ஆனால் கால் தெரியக் கூடாது. செடியின் உயரத்துக்காக நீயும் நானும் ஒரு நாள் முழுக்க அலுவலகத் தரையில் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தோம். கீழே பால் காய்ச்சுகிற கடைக்காரர் மேலே என்ன ஆட்டம் என்று ஆள் அனுப்பிக் கேட்டார்.

வரைபடத்தில் இடம் இல்லாமல், கால் நீட்டும் மேடை என்பதைச் சுருக்கி, 'கா.நீ. மேடை' என்று எழுதினாய். அந்தச் சுருக்கத்தால் வந்த கூத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

குழுக் கூட்டத்தில் வரைபடத்தை விரித்தார்கள். நீரூற்று, எழுத்து, பென்குயின் எல்லாம் இருக்கிறதா என்று தேடினார்கள். செயலாளர் அய்யாவின் விரல் மேடைமேல் வந்து நின்றது. "கா.நீ. மேடை" என்று வாசித்தார். பிறகு ஒருவர், "நம்ம கா. நீலமேகம் அய்யாவா?" என்றார். பக்கத்தில் இருந்தவர், ஆமாம், அவர் பேரில் ஒன்று வைக்க வேண்டும் என்று தனக்கே ரொம்ப நாளாக எண்ணம் என்றார். இன்னொருவர் அவர் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செய்தார் என்று சொல்ல ஆரம்பித்தார். அப்படி ஒருவர் இருந்தாரா என்பதே சந்தேகம். தெரியாது என்று சொல்ல அங்கே யாருக்கும் மனசில்லை, அவ்வளவுதான். நீ மேசைக்கு அடியில் என் காலை மிதித்த மிதி இன்னும் வலிக்கிறது. நம் மேடை ஒரு கேள்வியும் இல்லாமல் ஒப்புதல் ஆனது. நீரூற்றைச் சிறிதாக்கி மேடையை நீளமாக்கலாமே என்றுகூட ஒருவர் சொன்னார்.

கட்டி முடித்துப் பூச்சும் காய்ந்த பிறகுதான் உண்மை வந்தது. பெயரைக் கல்லில் வெட்ட வேண்டும், முழுப் பெயர் என்ன, பட்டம் ஏதும் உண்டா என்று செயலாளர் அய்யா போன் செய்தார். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். "பேரு இல்லங்கய்யா. கால் நீட்டுற மேடை. பொம்பளைக காலை நீட்டி உக்கார" என்றாய். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. அதன் பிறகு சாருக்கு வந்த போன்களில் எவ்வளவு சத்தம் இருந்தது என்பது வேறு கதை. ஆனால் காங்கிரீட்டைத் திரும்பக் கரைக்க முடியாது. கல்லில்லாமலே திறந்தார்கள்.

முதலில் யாரும் நீட்டவில்லை. நீதான் போய் நடுவில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கட்டைவிரல் மரத்தைப் பார்க்கும்படி காலை நீட்டி, முறுக்குத் தின்றாய். மறுநாள் இரண்டு பேர். பிறகு ஒரு வரிசை. ஒரு நாள் என் அம்மாவும். அவள் கால் மேடையில் முழுதாக அடங்கி, குதிகால் விளிம்புக்கு உள்ளேயே நின்றதைப் பார்த்து நீ என் முழங்கையைக் கிள்ளினாய். அம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "எங்காலை அளந்து கட்டுனதாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று கையைக் காட்டினாள். வேலை விட்டபின் அம்மா ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டது அன்றுதான்.

ஊரில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. யாரோ நடைபாதையிலிருந்து செடியை விலக்கிப் படம் எடுத்து, பூங்காவா படுக்கையறையா என்று ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். குடும்பம் குடும்பமாக வருகிற இடம் என்றார்கள். அதே பஸ் நிறுத்தத்தில் வேட்டியை முகத்தில் போட்டுப் படுத்திருப்பவனைப் பார்த்தால் யாருக்கும் குடும்பம் ஞாபகம் வரவில்லை. காலை நீட்ட முடியாதபடி மேடையின் குறுக்கே கம்பி பதித்துவிடுவது என்று குழுவில் பேச்சு வந்தது. நீ போய் நின்றாய். நானும் பின்னால் நின்றேன். ரோட்டில் போகிறவன் பார்க்கிறான் என்று ஒருவர் சொன்னபோது நீ குரலை உயர்த்தவில்லை. "பாக்கவன் கண்ணுக்குக் கம்பி போடுங்கய்யா. மேடைக்கு எதுக்கு?" என்றாய். கம்பிப் பேச்சு நின்றது. நாம் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஐப்பசி மழையும் அந்தக் காய்ச்சலும். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து நீ கடைசியாகப் பேசியபோது குரல் மெலிந்திருந்தது. மேடையில் தண்ணீர் தேங்குகிறதா என்று கேட்டாய். இல்லை, நன்றாக வடிகிறது என்றேன். அது உண்மைதான். போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னேன்.

இனிமேல் உனக்குத் தெரியாதது.

நீ போன பிறகு குழு உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தது. உன்னை எதிர்த்தவர்கள்தான் முன்வரிசையில். ஊருக்குப் பெருமை தேடித் தந்த மகள் என்றார்கள். செயலாளர் அய்யா பேசும்போது உண்மையாகவே அழுதார். மேடைக்கு உன் பெயரையே வைப்பதாக அறிவித்தபோது நானும் அழுதுகொண்டே கை தட்டினேன். கல்லை எங்கே வைக்கப் போகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திரை விலகியபோதுதான் பார்த்தேன். புங்க மரத்தடியில், மேடைக்கு நேர் எதிரே, நீட்டிய கால் போய் முடிகிற திசையில் உன் முகம்.

யாராவது அதற்கு எதிரே காலை நீட்டுவார்களா? இறந்துபோன பெண்ணின் படத்துக்கு, மாலை போட்ட படத்துக்கு, பத்தி புகைகிற படத்துக்கு? அடுத்த நாளே எல்லாக் கால்களும் மடங்கிவிட்டன. காவலாளி தினமும் பத்தி கொளுத்த வேண்டும் என்பது குழுவின் உத்தரவு. ஒரு நாள்கூடத் தவறுவதில்லை. இந்த ஊரில் வேறு எந்த வேலை இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது?

படத்தை வாசலுக்கு மாற்ற முடியுமா என்று கேட்கச் செயலாளர் அய்யா வீட்டுக்குத் தனியாகப் போனேன். என் குரல் உனக்குத் தெரியுமே. கொஞ்சம் சத்தமாகச் சொல்லு பாப்பா என்றார். மறுபடி சொன்னேன். வாசலில் நன்கொடையாளர் பலகை வரப் போகிறது, இடமில்லை என்றார். சாலைப் பக்கம் திருப்பியாவது வைக்கலாமே என்றேன். நினைவுக்கல்லை அசைக்கக் கூடாது என்றார். பிறகு எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி, சிரித்த முகத்தோடு சொன்னார்:

"கம்பி போட்டா அசிங்கம் பாப்பா. அந்தப் பிள்ளையும் வேண்டாம்னு சண்டை போட்டுச்சு. இப்ப பாரு, கம்பியும் இல்ல, சண்டையும் இல்ல. பொம்பளைக தானா மடக்கிக்கிடுதாக. மரியாதையா முடிஞ்சுபோச்சு."

காபி கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். எது மரியாதை? நீ உயிரோடு இருந்தபோது உன் வரைபடத்தை ஓரமாகத் தள்ளி அதன்மேல் டீ கிளாஸை வைத்தவர்கள், இப்போது உன் படத்தை வைத்து உன் மேடையை அடைத்திருக்கிறார்கள். இல்லாத நீலமேகம் அய்யாவுக்கு மரியாதை என்று நினைத்து அந்த மேடையைக் கட்டினார்கள். இருந்த உனக்கு மரியாதை செய்து அதை மூடிவிட்டார்கள். கம்பியாக இருந்திருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலாம். ஊரைக் கூட்டலாம். அறுக்கக்கூடச் செய்யலாம். உன்னை நான் எப்படி எதிர்ப்பது? உன் முகத்தை எடு என்று தெருவில் நின்று எந்த வாயால் சொல்வது? நீ போட விடாத கம்பியாக உன்னையே நட்டு வைத்திருக்கிறார்கள்.

என் அம்மாவைத்தான் முதலில் மாற்றலாம் என்று பார்த்தேன். நீ ஒன்றும் நினைக்க மாட்டாய், நீ விரும்பியதே அதுதான், நீட்டு என்று கெஞ்சினேன். அம்மா என்னை ஏதோ தகாத வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தாள். "அந்தப் பிள்ள முட்டி போட்டு எங்காலைத் தொட்டு அளந்துச்சுட்டி. அது மூஞ்சிக்கு நேரா நான் எப்படி நீட்டுவேன்?" என்றாள். அவள் சொல்வதில் தப்பு இல்லை. இப்போது அவள் பஸ் நிறுத்தத்திலேயே சுவரில் கால் மாற்றி மாற்றி நிற்கிறாள். மேடையில் உட்கார்ந்தால் உன் முகத்தைப் பார்த்து அழுகை வருகிறதாம்.

திரும்பவும் குழுவிடம் போனேன். இந்த முறை செயலாளர் அய்யா சலிப்போடு ஒரு வழி சொன்னார். அந்தப் பிள்ளையின் அப்பா வந்து, எடுத்துவிடுங்கள் என்று சொல்லட்டும், அன்றைக்கே எடுத்துவிடுகிறோம் என்றார். அவர் சொல்ல மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னார்.

உன் அப்பாவைப் பற்றி எழுதத்தான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல், தையல் கடையைத் திறப்பதற்கு முன்னால், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறார். தோளில் போட்ட துண்டாலேயே உன் கல்லைத் துடைக்கிறார். மாலையை அவரே கட்டி எடுத்து வருகிறார், ஊசி நூலால், தையல்காரர் கட்டுவதுபோல் இடைவெளி பிசகாமல். அந்த நேரத்தில் மேடையில் யாரும் இருப்பதில்லை. காலியான மேடையைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஒடுங்கிய பெண்களை அவர் பார்த்ததே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை நான் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊரே வந்து தொட்டுக் கும்பிடுதாம் தாயி. அவளுக்கு நான் என்ன செஞ்சேன், ஊரு செஞ்சிருக்கு" என்றார். நான் தலையை ஆட்டினேன். உன் பெயர் இந்த உலகத்தில் எழுதியிருக்கிற ஒரே இடம் அது. அதை எடுக்கச் சொல்லி அவரிடமே எப்படிக் கேட்பது?

ஆனால் கேட்கத்தான் போகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

நீ இல்லாமல் நான் என்ன செய்கிறேன் என்று கேட்பாய். எங்கே போனாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்கிறேன். டவுன் பஸ்ஸில், ரேஷன் கடையில், கல்யாண மண்டபத்தில், யார் கால் நீண்டிருக்கிறது, யார் கால் மடங்கியிருக்கிறது என்று. நீ எனக்குப் பிடிக்க வைத்துவிட்டுப் போன பைத்தியம் இது. இப்போது வத்திராயிருப்பில் ஒரு பெண்கள் பள்ளி வளாகம் வரைகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகள் மைதானத்து விளிம்பில் தட்டை முழங்காலில் வைத்துக் குந்தியிருக்கிறார்கள். மாமரங்களுக்கு நடுவே அவர்களுக்கு ஒரு மேடை வைத்திருக்கிறேன். வரைபடத்தில் 'பிள்ளைகள் காலை நீட்டி உட்காரும் மேடை' என்று முழுக்க எழுதியிருக்கிறேன். இவ்வளவு நீளமாக எதற்கு, சுருக்கிப் போடு என்றார் சார். "சுருக்குனா யாராச்சும் வந்து மாலை போட்டுருவாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானா சொன்னேன் என்று எனக்கே சந்தேகம். ஆனால் எழுத்து அப்படியே இருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. முதல் பஸ் வருவதற்கு முன்னால் நான் பூங்காவில் இருப்பேன். உன் அப்பாவைக் கல்லைத் துடைக்க விடுவேன். மாலை போட விடுவேன். பிறகு ஷிப்ட் விடும் நேரம் வரை என்னோடு இருக்கச் சொல்லிக் கேட்பேன், கடையை ஒரு நாள் மூடினால் பரவாயில்லை என்பேன். அந்தப் பெண்கள் வந்து உன்னைத் தொட்டுக் கும்பிட்டு ஒடுங்குவதை அவர் கண்ணாலேயே பார்க்கட்டும். அதற்குப் பிறகு கேட்பேன். அவர் என்னை அடித்தாலும் சரி, இனி முகத்திலேயே விழிக்காதே என்றாலும் சரி.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். போன வாரம் உன் அப்பா என்னிடம் ஒன்று சொன்னார். நீ உன் அத்தை கனவில் வந்தாயாம், பக்கத்து வீட்டுக்காரர் கனவில்கூட வந்தாயாம், அவர் கனவில் மட்டும் வரவே இல்லையாம். என்ன கோபமோ என்று கேட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். இன்றைக்கு ராத்திரி அவரிடம் போ. எனக்காக இது ஒன்று செய். எதுவும் பேச வேண்டாம், என் பெயரைச் சொல்ல வேண்டாம். அவர் தையல் மெஷினுக்கு எதிரே, தரையில், சுவரில் சாய்ந்து, காலை நன்றாக நீட்டி உட்கார். மடக்கச் சொல்வார். மடக்காதே.